கம்பிவலை வேலியும் கேட்டும்: எங்கே சறுக்கும்?

வலையில் காசு மிச்சம் பிடித்தாலும் மூலைக்காலில் பிடிக்காதீர்கள். இழுவை முழுவதும் அதன் தலையில்தான் விழும்.

5 அடி வலைக்கு 7 அடி கல்லுக்கால் வேண்டும். 2 அடி மண்ணுக்குள் போகும். 8 அடிக்கு ஒரு கால் போதும். மூலையிலும் கேட் ஓரத்திலும் குழியைக் கான்கிரீட்டால் நிரப்பி, வேலி ஓடும் திசையில் முட்டுக்கால் சாய்த்துக் கொடுங்கள். 7 நாள் தண்ணீர் விட்ட பிறகே வலையை இழுக்க வேண்டும். மறுநாளே இழுத்தால் கால் உள்ளே சாயும், வலை தொப்பை போடும். மேல், நடு, கீழ் என மூன்று வரிசைக் கம்பியை முறுக்கேற்றிக் கட்டி, அதில் வலையைப் பிணையுங்கள்.

கம்பியின் தடிமனைச் சொல்வது கேஜ் எண்; அது குறையக் குறையக் கம்பி தடிக்கும். வீட்டுக்கு 12 கேஜ் போதும். மாடு உரசும் இடமென்றால் 10.

கேட் தொங்கினால் எல்லோரும் கீலைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் கேட் சட்டத்துக்குள் குறுக்காகக் கொடுக்கும் சாய்வுப் பட்டையில். அது கீழ்க் கீல் மூலையிலிருந்து எதிர்ப்பக்க மேல் மூலைக்கு ஏற வேண்டும்.

இரும்பு கேட்டில் துரு முதலில் பிடிப்பது வெல்டிங் ஒட்டிலும் கீழ்ச்சட்டக் குழாயிலும். குழாயின் அடியில் சிறு துளை போட்டால் மழைநீர் வடியும். துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி, ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் அடிப்பூச்சு) அடித்துக் காய்ந்தபின் பெயின்ட் அடியுங்கள். துருவின் மேலேயே அடித்த பெயின்ட் செதில் செதிலாக உரியும்.