தெப்பக்குளத்தைச் சுற்றி மாதம் 100 கிலோமீட்டர்

நான் கணக்கு டீச்சர். நூறை முப்பதால் வகுத்தால் 3.33 என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த 3.33-ஐ நம்பித்தான் முதல் தடவை ஏமாந்தேன். தினமும் மூன்றேகால் சொச்சம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று ஜனவரி 1-ஆம் தேதி கிளம்பி, முதல் ஒன்பது நாளில் 48 கிலோமீட்டர் ஓடினேன். பன்னிரண்டாம் தேதி கெண்டைக்காலுக்கு முன்பக்க எலும்பில் அப்படி ஒரு வலி. பள்ளியில் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பிடித்தேன். இரண்டு வாரம் ஓட்டமே இல்லை. மாதக் கடைசியில் கணக்கு 61.

எனவே முதல் வேலை, மாதத்தை 30 நாளாகப் பார்க்காமல் நான்கு வாரமாகப் பார்ப்பது. வாரம் 25, நான்கு வாரத்தில் 100. 28-ஆம் தேதியோடு வேலை முடிந்தது. மிச்சமிருக்கும் இரண்டு மூன்று நாள் கைக்காவல். யாருக்காவது காய்ச்சல், சொந்தத்தில் வளைகாப்பு, விடைத்தாள் திருத்தம் என்று மாதம் ஒரு தடங்கலாவது வராமல் இருக்காது. அதற்குத்தான் அந்த நாட்கள். பிப்ரவரியில் இந்தக் கைக்காவல் கிடையாது. அந்த மாதம் 90 போதும் என்று முதல் தேதியே எழுதிவிடுவேன்.

அந்த 25-ஐ நான் பிரிப்பது இப்படி: செவ்வாய் 5, புதன் 5, வெள்ளி 6, ஞாயிறு 9. திங்கள், வியாழன், சனி ஓட்டமே இல்லை. "தினமும் ஓடினால்தானே பழகும்" என்பார்கள். எனக்கு 43 வயது. ஓடாத நாளில்தான் என் கால் தேறுகிறது.

ஆனால் இது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு. புதிதாக வருபவர் நேராக 100-க்குப் போகக் கூடாது. 40, 55, 70, 85 என்று மாதா மாதம் ஏறி ஐந்தாவது மாதம் 100-ஐத் தொடலாம். நடுவில் உடம்பு அசதியாக இருந்தால் ஒரு மாதம் அதே அளவில் நில்லுங்கள்.

நான் ஓடுவது மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி. திருமலை நாயக்கர் வெட்டியது. தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்று ஊரில் சொல்வோம். ஒரு பக்கம் ஏறத்தாழ 300 மீட்டர், ஒரு சுற்று சுமார் 1.2 கிலோமீட்டர். புதிதாக ஓடுபவருக்கு இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு பக்கம் ஓட்டம், ஒரு பக்கம் நடை. கையில் கடிகாரமே வேண்டாம், மூலை வந்தால் மாற்ற வேண்டியதுதான். இரண்டு மூன்று வாரம் கழித்து மூன்று பக்கம் ஓட்டம், ஒரு பக்கம் நடை. உங்கள் ஊரில் பூங்காவோ மைதானமோ இருந்தால் அதையும் இப்படித் துண்டு போட்டுக்கொள்ளலாம். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு காலுக்கு மட்டும் வேலை அதிகமாகும். அதனால் நான் ஒருநாள் வலமாகவும் மறுநாள் இடமாகவும் சுற்றுகிறேன். இடமாகச் சுற்றும் நாளில் ஒரு பாட்டி மட்டும் விடாமல் முறைப்பார்.

இடையில் நடப்பதைக் கணக்கில் சேர்க்கலாமா? ஓடப் போன இடத்தில் நடந்தால் சேரும். காய்கறி வாங்க நடந்தது சேராது. இது என் சட்டம், நீங்கள் வேறு வைத்துக்கொள்ளலாம். மாத நடுவில் மட்டும் மாற்றாதீர்கள்.

வேகம். மாதக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். பக்கத்தில் காலேஜ் பையன் ஒருவன் தாண்டிப் போவான், நமக்கும் கால் துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள். எனக்கு ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம் ஆகிறது. என் சோதனை எளிது: ஓடிக்கொண்டே பதிமூன்றாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்வேன். மூச்சுக்காக நடுவில் நிற்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம். (பாதியில் மறந்துபோனால் அது வேறு பிரச்சினை.) வாரம் 25-ல் பெரும்பகுதி வாய்ப்பாடு சொல்லும் வேகத்தில்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு எழுதுவது. கைப்பேசிச் செயலி தூரத்தை அளக்கிறது, சரி. ஆனால் எனக்குக் கணக்கு நோட்டு சமையலறைக் காலண்டர்தான். பால் கணக்கு எழுதும் அதே கட்டத்தில், கீழ் மூலையில் கிலோமீட்டரை எழுதுவேன். ஒரு மாதம் பால் கணக்கைக் கூட்ட உட்கார்ந்த என் வீட்டுக்காரர், "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எதுக்கு ஆறு லிட்டர் வாங்கினே?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஓட்டத்துக்குச் சிவப்பு மை. கண்ணில் படும் இடத்தில் இருப்பதால் ஞாயிறு இரவு கூட்டிப் பார்க்கத் தவறுவதில்லை. 7-ஆம் தேதி 25, 14-இல் 50, 21-இல் 75. இதில் நாலைந்து குறைந்தால் கவலை வேண்டாம். பத்துக்கு மேல் குறைந்தால் அன்றைக்கே இலக்கை 90 ஆக்கிவிடுங்கள். கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

ஏன் என்றால், ஜூலையில் நான் காத்திருந்தேன். 25-ஆம் தேதி 79. ஆறு நாளில் 21. வீம்பு பிடித்து நான்கு நாள் தொடர்ந்து ஓடி 97 வரை வந்துவிட்டேன். ஐந்தாம் நாள் இரண்டாவது மூலை திரும்பும்போது கெண்டைக்கால் சதை சுண்டி இழுத்தது. வீட்டுக்கு ஆட்டோவில் வந்தேன். மூன்றே மூன்று கிலோமீட்டர்! பத்து நாள் நொண்டினேன், ஆகஸ்டும் 70-ஓடு போனது.

ஒருநாள் 5 கிலோமீட்டர் விட்டுப்போனால் மறுநாள் 10 ஓடாதீர்கள். அடுத்து வரும் ஐந்து ஓட்டத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விட்டால் கைக்காவல் நாட்கள் இருக்கின்றன. அதிலும் அடங்காவிட்டால் அந்தத் தூரம் போனது போனதுதான்.

வலியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இரண்டு காலிலும் பரவலாக இருந்து, நடக்க நடக்கக் குறைந்தால் அது அசதி. ஒரே காலில், ஒரே இடத்தில், விரலால் அழுத்தினால் சுள்ளென்று இருந்தால் நிறுத்த வேண்டும். எலும்பில் மெல்லிய விரிசல் கூட இப்படித்தான் தொடங்கும். நாலைந்து நாளில் போகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். பெண்களுக்கு இன்னொன்று: மார்ச்சில் எனக்குக் காரணமே இல்லாமல் மூச்சு வாங்கியது. வயதாகிவிட்டது என்று நினைத்தேன். இரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.8. நமக்குப் 12-க்குக் குறையக் கூடாது. மருத்துவர் சொன்ன மாத்திரையும் சாப்பாடுமாக மூன்று மாதத்தில் சரியானது. தூரத்தைக் கூட்டும் முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மாதவிலக்கின் முதல் இரண்டு நாளை ஓய்வு நாளோடு சேர்த்து நகர்த்திவிடுவேன், அதற்கும் காலண்டர் உதவுகிறது.

ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். 600, 700 கிலோமீட்டரில் அடிப்பாகத்தின் மெத்தென்ற தன்மை போய்விடும். மாதம் 100 ஓடுபவருக்கு ஆறேழு மாதத்துக்கு ஒரு ஜோடி என்று ஆகிறது. அந்தச் செலவை முன்பே நினைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைத்தால் மறுநாளைக்கு ஓரளவு உலர்ந்துவிடும்.

நாய் துரத்தினால் ஓடாமல் நின்று, மெதுவாக நடந்து கடக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் ஐந்து மணிக்கே கிளம்பினாலும் புழுக்கம்தான். அந்த இரண்டு மாதமும் எனக்கு 70 மட்டுமே. தை மாதத் தெப்பத் திருவிழா நாட்களில் கூட்டத்தில் நடக்கவே இடமிருக்காது, அதனால் அந்த வாரத்து ஓய்வு நாட்களைத் திருவிழா நாட்களுக்கு நகர்த்திவிடுவேன்.

முதல் 100 செப்டம்பரில் வந்தது. 28-ஆம் தேதி 96, மீதியைக் கைக்காவல் நாளில் முடித்தேன், மொத்தம் 100.4. திரும்பும் வழியில் ஒரு டம்ளர் பருத்திப்பால் வாங்கிக் குடித்தேன், இனிப்புக் கொஞ்சம் தூக்கல். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டு 58. நவம்பர் கட்டத்தில் இப்போது சிவப்பு மையில் 70 என்று எழுதியிருக்கிறேன்.