கன்னியாகுமரிக்குக் குடும்பத்தோடு 3 நாள்: தேதி குறிப்பது முதல் சிப்ஸ் கட்டுவது வரை

கன்னியாகுமரியை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்பும் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இவ்வளவுதான்: மேகம் மூடிய ஒரு சூரிய உதயம், வெயிலில் நீளும் படகு வரிசை, நடை சாத்திய கோயில். ஊரின் மேல் குறையில்லை. இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. படகு மாலை 4 மணியோடு நிற்கும், கோயில்கள் நண்பகலில் சாத்தப்படும், அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. இவற்றைக் கோத்துக்கொண்டு 3 பகல், 2 இரவு ஒதுக்கினால் தாத்தா பாட்டி, கைக்குழந்தை எல்லாரோடும் மூச்சு வாங்காமல் சுற்றி வரலாம். முதல் முறை போகிறவர்களுக்கு, வரிசைப்படி.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தவணை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. முதல் தவணையில் கடல் கொந்தளிக்கும், படகு அடிக்கடி நிறுத்தப்படும். கார்த்திகை பிறந்ததிலிருந்து பொங்கல் வரை சபரிமலை சீசன். ஐயப்ப பக்தர்கள் வண்டி வண்டியாக இங்கேயும் வருவார்கள், அறை வாடகை ஏறும், படகு வரிசை தெருவுக்கு வந்துவிடும். ஆகவே தை நடுவிலிருந்து மாசி முடிய, அதாவது ஜனவரி கடைசி வாரம் முதல் மார்ச் முதல் பாதி வரை, குழந்தைகளோடு போக நல்ல காலம். பள்ளி விடுமுறை மே மாதம்தான் என்றால் போகலாம், வெயிலுக்குத் தயாராக.

சூரிய அஸ்தமனத்தைப் பற்றி பலருக்குத் தெரியாத ஒன்று. உதயம் வருடம் முழுக்கக் கடலிலிருந்துதான். அஸ்தமனம் அப்படியில்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் கடலுக்குள் இறங்குவதை முனையிலிருந்தே பார்க்கலாம். கோடையில் அது வடமேற்கே சாய்வதால் கரை மறைத்துவிடும். மே, ஜூனில் போகிறவர்கள் அஸ்தமனத்துக்கு மேற்கே இருக்கும் முட்டம் கடற்கரைக்குப் போவது மேல். அங்கே கரை வடக்கே திரும்பிவிடுகிறது. பௌர்ணமியன்று முனையில் நின்றால் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா எழும். தேதி உங்கள் கையில் இருந்தால் அப்படி ஒரு நாளைக் குறியுங்கள்.

படி 2: ரயிலும் அறையும்

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். 6 பேர் ஒரே பெட்டியில் வேண்டுமென்றால் திறந்த அன்று காலையே போட வேண்டும். தட்கல் முந்தைய நாள் ஏ.சி.க்கு 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும், ஆனால் ஒரு குடும்பமே அதை நம்பிக் கிளம்பக் கூடாது. கன்னியாகுமரிக்கு இடம் இல்லையென்றால் நாகர்கோவில் சந்திப்பு என்று தேடுங்கள். பல ரயில்கள் அங்கேயே நின்றுவிடும். அங்கிருந்து முனை சுமார் 20 கி.மீ., பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.

அறை பதிவு செய்யும்போது போனில் நாலு கேள்வி கேளுங்கள். முதலாவது, செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? சென்னையிலிருந்து இரவு ரயில் விடிகாலையில் கொண்டு வந்து இறக்கும். 12 மணிக் கணக்கு விடுதி என்றால் ஆறு மணி நேரம் பெட்டிகளோடு வரவேற்பறையில் உட்கார வேண்டியதுதான், அல்லது அரை நாள் வாடகை கூடுதல். இரண்டாவது, லிஃப்ட் இருக்கிறதா? பழைய லாட்ஜுகள் பலவற்றில் கிடையாது. மூன்றாவது, வெந்நீர் எத்தனை மணி வரை? நான்காவது, பால்கனி கிழக்கு பார்த்ததா? ‘கடல் தெரியும்’ என்று மட்டும் சொன்னால் நம்பிவிடாதீர்கள், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கோடு நீலம் தெரிந்தாலும் அதற்குப் பெயர் கடல் தெரியும் அறைதான். கிழக்கு பால்கனி கிடைத்தால் முழங்கால் வலிக்கிற பெரியவர்களை விடிகாலையில் வெளியே இழுக்காமல் நாற்காலி போட்டு உதயம் பார்க்க வைக்கலாம். அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

படி 3: முதல் நாள், அவசரம் வேண்டாம்

ரயிலில் தூங்காத குழந்தைகளை இறங்கியதும் உதயம் பார்க்கக் கூட்டிப் போவது பலரும் செய்கிற தவறு. அன்றைக்கு முழுவதும் சிணுங்கல்தான் மிஞ்சும். குளித்து, டிபன் சாப்பிட்டு, மதியம் வரை படுங்கள். 3 மணிக்கு மேல் வட்டக்கோட்டை. முனையிலிருந்து சுமார் 6 கி.மீ., ஆட்டோ போதும். கடலுக்குள் நீட்டிய கருங்கல் கோட்டை. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாய் பலப்படுத்தியது. குளச்சல் போரில், 1741-இல், டச்சுக்காரர்கள் பக்கம் நின்று பிடிபட்டு, பிறகு வென்றவர்களின் படைக்கே தளபதியானவர் அவர். குழந்தைகளுக்குச் சொல்ல நல்ல கதை. மதில் மேல் சாய்வுப் பாதையில் சிரமமில்லாமல் ஏறலாம், ஓரத்தில் மட்டும் சின்னவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 4: இரண்டாம் நாள், உதயமும் படகும்

உதயம் மே, ஜூனில் 6 மணி வாக்கில், ஜனவரி கடைசியில் 6.40 வாக்கில். அரை மணி முன்பே போய்விடுங்கள். சூரியன் வருவதற்கு முந்தைய நிறங்கள்தான் அழகு. அடிவானத்தில் மேகம் இருந்தால் ஏமாற்றம்தான், அதற்காகத்தான் இரண்டு இரவு.

அங்கிருந்து டிபன் முடித்து 7.30-க்குள் படகுத்துறை வரிசையில் நின்றுவிடுங்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு 8 மணிக்குத் தொடங்கும். 10 மணிக்கு வந்தவர்களோடு ஒப்பிட்டால் வெயிலும் வரிசையும் பாதி. கூட்ட நாளில் விரைவு வரிசைக்குத் தனி டிக்கெட் உண்டு. வயதானவர் இருந்தால் வாங்கிவிடுங்கள். படகில் உயிர்காப்பு உடையைக் கட்டாயம் மாட்டுங்கள்.

முதலில் 1970-இல் திறந்த விவேகானந்தர் நினைவு மண்டபம். பாறையில் செருப்பைக் கழற்ற வேண்டும், 11 மணிக்கு மேல் கல் சுடும். குழந்தைகளுக்குப் பழைய சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் சிலைக்குப் படகு போகாது, பாதிப் பேர் தூரத்திலிருந்து கும்பிட்டுத் திரும்புவார்கள். 2024 டிசம்பர் 30-இல் இரண்டு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அந்தக் கவலை குறைந்தது. சிலை 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்டது. 133 அடியில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. மீதி 95 எதற்கு என்று குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

காற்று பலமென்றால் படகை முன்னறிவிப்பில்லாமல் நிறுத்துவார்கள். அப்போது வரிசையிலேயே நின்று காத்திருக்காமல் மாலைத் திட்டத்தைக் காலைக்குக் கொண்டு வாருங்கள். மூன்றாம் நாள் சுற்றைக் குறைத்துக்கொண்டால் மறுநாள் காலை இன்னொரு வாய்ப்பு இருக்கிறது.

மதியம் தூக்கம். 4 மணிக்கு மேல் பகவதி அம்மன் கோயில். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், தோளில் போட ஒரு துண்டு கொண்டு போங்கள். பக்கத்திலேயே காந்தி மண்டபம். அவர் அஸ்தி வைத்த இடத்தில் அக்டோபர் 2 நண்பகலில் வெயில் விழும்படி கூரையில் துவாரம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

படி 5: தண்ணீரில் இறங்குவதற்கு முன்

இதை மட்டும் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். முக்கடல் சங்கமத்தில் பாறையும் சுழலும் அதிகம். தடுப்புக்கு உள்ளே கால் நனைப்பதோடு சரி. சொத்தவிளை, சங்குத்துறை கடற்கரைகள் மணல் பரந்தவை, பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் இந்தக் கரைக்கு ‘கள்ளக்கடல்’ உண்டு. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் புயல் கிளப்பிய அலை நாட்கணக்கில் பயணப்பட்டு வந்து, இங்கே காற்றும் மழையும் இல்லாத நல்ல வெயிலில் திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். கிளம்புமுன் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள், கரையில் வலை காயப்போடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். நல்ல நாளிலும் குழந்தைக்கு முழங்கால் அளவுதான் எல்லை, கடலுக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது.

படி 6: சாப்பாடு

கன்னியாகுமரி முனையைச் சுற்றியுள்ள ஓட்டல்களில் எல்லா மாநிலச் சாப்பாடும் கிடைக்கும், இந்த ஊர்ச் சாப்பாடு தவிர. அதற்கு நாகர்கோவில் பக்கம் நகர வேண்டும். காலையில் புட்டு, பயறு, பப்படம், கூட மட்டிப்பழம். மட்டி விரல் நீளத்துச் சின்ன வாழை, மணக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. புட்டை உதிர்த்து, பழத்தையும் பப்படத்தையும் சேர்த்துக் கையால் பிசைந்து சாப்பிடுவதுதான் முறை. ஸ்பூன் உதவாது.

மதியம் சம்பா அரிசிச் சோறும், தேங்காய் அரைத்த மீன்குழம்பும், மரச்சீனிக் கிழங்கும். (மற்ற ஊர்களில் மரவள்ளி என்பார்கள்.) நெத்தோலியை (நெத்திலி) மாங்காய் போட்டு அவியலாக வைத்திருந்தால் தவறவிடாதீர்கள். சைவர்களுக்கு நாஞ்சில் நாட்டுச் சமையலே போதும்: தீயல், எரிசேரி, அவியல், கடைசியில் பிரதமன். மாலையில் ரசவடை.

மீன் ஆர்டர் செய்யுமுன் ‘இன்னைக்கு என்ன மீன் வந்துது?’ என்று கேளுங்கள், மெனு அட்டையைப் பார்க்காதீர்கள். இங்கே விசைப்படகுத் தடைக்காலம் இரண்டு. சின்ன முட்டம் உள்ளிட்ட கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டும் சேர்ந்துகொள்ளும். அந்த நாட்களில் நெய்மீன் (வஞ்சிரம்) விலை எகிறும், வருவதும் ஐஸில் கிடந்ததாக இருக்கலாம். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் பிடித்து வரும் சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), நெத்தோலிதான் அப்போது புதுசு. சாளையில் முள் அதிகம். சின்னக் குழந்தைகளுக்கு நெய்மீன், சூரைத் துண்டுகளே பாதுகாப்பு. குழம்பு காரமாக இருக்கும், அவர்களுக்கு மட்டும் மசாலா குறைத்து வறுக்கச் சொல்லுங்கள்.

சமைத்துத் தரும் வீட்டு விடுதியில் தங்கினால் துறையில் நீங்களே வாங்கலாம். கண் தெளிவாக, செவுள் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் குழி விழுந்து நிற்கக் கூடாது. சுத்தம் செய்தால் கிலோவுக்கு 600, 650 கிராம்தான் தேறும். 4 பெரியவர், 2 குழந்தைகளுக்கு 1 கிலோ நெய்மீன், அரைக் கிலோ நெத்தோலி சரி. கடற்கரை வண்டிகளில் செக்கச்செவேலென்று அடுக்கி வைத்த பொரித்த மீனில் நிறம் தவிர எதுவும் புதிதில்லை. எண்ணெய் கறுத்திருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

மாசி முதல் வைகாசி வரை பனங்காட்டுப் பக்கம் நுங்கும் அக்கானியும் கிடைக்கும். அக்கானி என்பது பதநீர்தான். காலை 9 மணிக்குள் குடியுங்கள், வெயிலேறினால் புளிக்கத் தொடங்கும்.

படி 7: மூன்றாம் நாள், உள்நாட்டுச் சுற்று

அறையைக் காலி செய்து, பெட்டிகளை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு 7 மணிக்குக் கிளம்புங்கள். சுற்று மொத்தம் 120, 130 கி.மீ. வரும். சாலை குறுகல், ஊருக்கு ஊர் நெரிசல். மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் கணக்குப் போடாதீர்கள். வாடகை பேசும்போது கி.மீ. விகிதம், டிரைவர் பேட்டா, பார்க்கிங் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சுசீந்திரம், நண்பகலுக்கு முன் போனால்தான் நடை திறந்திருக்கும். இசைத் தூண்களும் 18 அடி அனுமனும். நாகர்கோவிலில் டிபன். 10 மணிக்குத் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் விடுமுறைகள் கேரளக் கணக்கு. திங்கள் மூடல், மதியம் 1 முதல் 2 வரை இடைவேளை. மரப்படிகள் செங்குத்து, முழங்கால் வலிக்காரர்கள் கீழ்க்கட்டுகளைப் பார்த்துவிட்டு முற்றத்தில் உட்காரலாம். இரண்டு மணி நேரம் கொடுங்கள், மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம்.

பிறகு மாத்தூர் தொட்டிப்பாலம். ஆற்றுக்கு மேல் 115 அடி உயரத்தில் பாசனக் கால்வாயைத் தூக்கிப் போகிறது. 1966-இல் கட்டி முடித்தது. நடக்கப் பயந்தவர்கள் படி வழியே கீழே இறங்கி அண்ணாந்து பார்க்கலாம், அதுவும் நல்ல காட்சி. கடைசியாகத் திருப்பரப்பு அருவி. பிப்ரவரிக்குப் பிறகு நீர் மெலியும். மழைக்காலத்தில் பேச்சிப்பாறை அணை உபரிநீர் திறந்தால் குளிக்கத் தடை. மாலை ரயில் என்றால் அருவியை விட்டுவிடுங்கள், அல்லது அங்கிருந்து 2 மணிக்கே நாகர்கோவிலுக்குத் திரும்புங்கள்.

படி 8: கட்டிக்கொண்டு வர

நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கும்போது தேங்காய் எண்ணெயில் போட்டதா என்று கேட்டு, ஒரு வில்லையை வாயில் போட்டுப் பாருங்கள். சுடச்சுடப் போடுவதை உடனே கட்டச் சொன்னால் ஆவி உள்ளேயே நின்று, ஊர் போய்ச் சேர்வதற்குள் நமுத்துவிடும். கால் மணி நேரம் ஆறவிடச் சொல்லுங்கள். முந்திரிக்கொத்து வழிப்பயணத்துக்கு நல்லது, சிறுபயறும் வெல்லமும் சேர்ந்தது. மட்டிப்பழம் தோல் மெல்லியது. காம்புப் பக்கம் பச்சை மாறாத சீப்பாக எடுத்து, பெட்டிக்குள் திணிக்காமல் பையில் மேலாக வைத்து, ரயிலில் சன்னல் கொக்கியில் மாட்டிவிடுங்கள். மூன்று நாளுக்குள் தின்று தீர்க்க வேண்டும்.