பாட்டு வகுப்பு நேரத்தைச் சுருதிப்படி அடுக்குங்கள்

பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே கச்சேரியும் செய்பவர்கள், மாணவர்களின் நேரத்தைக் கட்டை (அவரவர் சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்) வரிசையில் அமைத்துவிடுங்கள். 5, 5½ கட்டைப் பெண்கள் முதலில். 1, 1½ கட்டைக்காரர்கள் அடுத்தடுத்து. உங்கள் சுருதிக்கு அருகில் பாடுபவர் கடைசியில் வரட்டும்.

சுருதியை மாற்றும் ஒவ்வொரு முறையும் தம்புராத் தந்தி உடனே நிலைக்காது, கொஞ்ச நேரத்தில் மெல்ல விலகும். குதிரைமேல் (தந்தியைத் தாங்கும் கட்டைமேல்) தந்திக்கு அடியில் இருக்கும், நாதத்துக்கு ரீங்காரம் தரும் ஜீவா நூலையும் மறுபடி நகர்த்திப் பார்க்க வேண்டும். நாலு பேருக்கு நாலு தடவை இதைச் செய்தால் பாடவேண்டிய நேரம் முறுக்காணியிலேயே போய்விடும். அதைவிட முக்கியம் தொண்டை. 1 கட்டைக் குரலை 5 கட்டைக்கு ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால், மாலைக் கச்சேரியில் மேல் ஸ்தாயி கரகரக்கும்.

மின்சாரச் சுருதிப்பெட்டி வைத்திருந்தால் சுருதி மாற்ற நேரமே ஆகாது, அதனால் இந்த வரிசையால் தொண்டை மட்டும்தான் மிச்சம். குரல் உடையும் வயதுப் பையன்களை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அவர்கள் சுருதி மாறிக்கொண்டே இருக்கும், பாவம். தனி நேரம் கொடுங்கள்.