ஹேர்பேர்ட்டின் கவிதையில் கொடையைப் படிக்கும் முறை

ஜோர்ஜ் ஹேர்பேர்ட் (1593–1633), இங்கிலாந்தில் சோல்ஸ்பரிக்கு அருகிலுள்ள பெமர்ட்டன் என்னும் சிற்றூரில் 1630 முதல் குருவானவராக இருந்த கவிஞர். அவருடைய ஆங்கிலக் கவிதைகள் 'த டெம்பிள்' என்ற தொகுப்பாக, அவர் மறைந்த ஆண்டிலேயே கேம்பிரிட்ஜில் அச்சாயின. அத்தொகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கொடை என்னும் பொருளை, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளோடு எப்படி வாசிக்கலாம் என்பதை எழுதுகிறேன்.

முதலில், நம்மிடம் ஏற்கெனவே ஊறியிருக்கும் ஈகை என்ற எண்ணத்தைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டும். பெறுவது நல்ல நெறியென்று எவர் சொன்னாலும் அது தீது, மேலுலகம் இல்லையென்றாலும் ஈதலே நன்று என்பது குறள். ஹேர்பேர்ட்டிடமோ கொடுப்பவர் பெரும்பாலும் கடவுள். மனிதனின் வேலை பெறுவது மட்டுமே, அதுதான் அவனுக்கு வரமாட்டேன் என்கிறது. ஆகவே ஒவ்வொரு கவிதையிலும் 'வாங்குபவர் யார், அவருடைய கையைத் தடுப்பது எது' என்று கேளுங்கள். பாரியையும் குமணனையும் விடைத்தாளுக்குள் இழுத்துவர விடாதீர்கள்.

'த புல்லி' என்ற கவிதையைக் கிணற்றடியில் தொடங்குவது நல்லது. தலைப்புக்குப் பொருள் கப்பி. ஆனால் இருபது வரிகளில் எங்கும் அந்தச் சொல் வராது. மனிதனைப் படைத்த கடவுள், பக்கத்திலிருந்த கிண்ணத்திலிருந்து பலம், அழகு, ஞானம், மதிப்பு, இன்பம் என வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்து, அடியில் ஒன்று மட்டும் கிடப்பதைக் கண்டு கையை நிறுத்திவிடுகிறார். அந்த ஒன்றுக்கு ஆங்கிலத்தில் 'ரெஸ்ட்' என்று பெயர். முதன்முறை இதைப் படிப்பித்தபோது அகராதியைப் பார்த்து 'ஓய்வு' என்று மட்டும் கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையிலிருந்த பிள்ளை ஒருத்தி, "சேர், ஓய்வைக் குடுக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு, கடைசியிலை அதை அவன் வைச்சிருக்கட்டும் எண்டு ஏன் சொல்லுறார்?" என்று கேட்டாள். அவள் பிடித்ததுதான் கவிதையின் முடிச்சு: கடைசிப் பத்தியில் அதே சொல்லுக்கு 'மீதி' என்று பொருள். மற்றதெல்லாம் அவனிடமே இருக்கட்டும், ஓய்வு மட்டும் வேண்டாம் என்கிறார் கடவுள். அச்சொல் வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடச் செய்து, எங்கே ஓய்வு, எங்கே மீதி என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழில் இதற்கு ஓரளவு ஈடு உண்டு: 'ஒழிவு' என்றால் ஓய்வு, 'ஒழிந்தவை' என்றால் உரைகாரர் வழக்கில் எஞ்சியவை.

பிறகு கப்பிக்குத் திரும்புங்கள். கயிற்றைக் கீழே இழுத்தால்தான் வாளி மேலே வரும். நன்மை இவனை என்னிடம் கொண்டுவராவிட்டால் களைப்பாவது கொண்டுவரட்டும் என்று கவிதை முடிவதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. கொடுக்காமல் வைத்துக்கொண்டதும் ஒரு கொடையே என்று பிள்ளைகள் தாமாகச் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

'கிரேட்புல்னெஸ்' கவிதைக்கு ஒரு பாடவேளை போதும். இவ்வளவு தந்தாய், இன்னும் ஒன்று தா, நன்றியுள்ள மனம் தா என்று கேட்கும் அந்தப் பிச்சைக்காரனின் சாமர்த்தியத்தைச் சுட்டிக்காட்டினால் பிள்ளைகளே சிரித்துவிடுவார்கள்.

நேரத்தைச் செலவிட வேண்டியது 'லவ்' என்ற தலைப்புள்ள மூன்றாம் கவிதையில். அன்பு விருந்துக்கு அழைக்கிறது. வந்தவன் தூசியும் பாவமும் படிந்தவன் என்று வாசலிலேயே பின்வாங்குகிறான். "நான் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்" என்று வன்னி வீடுகளில் விருந்தாளி சொல்வதும், வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்காமல் கதிரையை இழுத்துப் போடுவதும் பிள்ளைகள் அன்றாடம் காண்பவை. நிவாரண வரிசையில் நின்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, வாங்கும் கை ஏன் கூசுகிறது என்பதையும் நாம் விளக்க வேண்டியதில்லை. அவர்களைப் பேசும்படி வற்புறுத்தவும் கூடாது. அந்த விருந்தாளி கடைசியில், அப்படியானால் நான் பரிமாறுகிறேன் என்று கொடுப்பவர் பக்கம் நழுவப் பார்ப்பதை மட்டும் தவறாமல் கவனிக்கச் செய்யுங்கள். அன்பு அதற்கும் இடங்கொடாமல், இருந்து உண் என்கிறது. அமர்ந்து உண்டேன் என்னும் இறுதி வரி ஆங்கிலத்தில் ஆறே சொற்கள், ஒவ்வொன்றும் ஓரசை. அதை ஒரு பிள்ளையைக் கொண்டு மெதுவாக வாசிப்பித்து, புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். கேள்வி கேட்பதை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.