ஆபத்து நேரத்தில் விமானத்தில் கைப்பெட்டியை விட்டுவிட்டு இறங்குவதற்கு வீட்டிலேயே தயாராகும் முறை

2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து சென்ற எமிரேட்ஸ் 521 துபாய் ஓடுபாதையில் வயிற்றுப்பகுதி உரசி நின்று தீப்பிடித்தபோது, உள்ளே இருந்த 300 பேரும் உயிர் தப்பினர். தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். புகை சூழ்ந்த அந்த நேரத்திலும் பயணிகள் பலர் தலைக்கு மேலுள்ள பெட்டகத்தைத் திறந்து பைகளை எடுப்பது காணொளியில் பதிவாகியிருக்கிறது. இதைப் பேராசை என்று ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவரின் கடவுச்சீட்டும், விசாத் தாளும், மருந்தும் அந்தப் பைக்குள்ளேயே இருந்தால் அவர் கை தானாக மேலே போகத்தான் செய்யும். ஆகவே பெட்டி கட்டும்போதே இதற்குத் தீர்வு காண வேண்டும்.

படி 1: பிரித்து வையுங்கள். கடவுச்சீட்டு, அடையாள அட்டை, வங்கி அட்டை, கொஞ்சம் பணம், ஒரு நாளைக்கான மருந்து, வீட்டுச் சாவி, கைப்பேசி ஆகியவை உடலோடு இருக்க வேண்டும். மடிக்கணினியில் உள்ள கோப்புகளுக்கு முன்கூட்டியே நகல் எடுத்துவிடுங்கள்.

படி 2: உடலோடு ஒட்டிய பை. கழுத்தில் தொங்கும் பையை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் கயிறு இருக்கையின் கைப்பிடியிலோ உயிர்காப்பு உடையின் வார்களிலோ சிக்கிக்கொள்ளக்கூடும். சட்டைக்குள் இடுப்பில் கட்டும் தட்டையான துணிப்பையே நல்லது. ஆனால் திட்டம் குலைவது பெரும்பாலும் பாதுகாப்புச் சோதனையில்தான். அங்கே இடுப்புப் பையைக் கழற்றித் தட்டில் வைக்கிறோம். பின்னால் வரிசை நெருக்குகிறது. அவசரத்தில் அதை அப்படியே கைப்பெட்டிக்குள் திணித்துவிட்டு நடக்கிறோம். அதன்பிறகு அது பெட்டகத்தில்தான் பயணம் செய்கிறது. எனவே தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, பையை மீண்டும் கட்டிய பிறகே காலணியை மாட்டுவது என்ற ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை இருக்கைக்கு முன்னுள்ள வலைப்பையில் போடாமல், பொத்தான் உள்ள சட்டைப்பையில் வையுங்கள்.

படி 3: இருக்கையில் அமர்ந்ததும். முன்னும் பின்னும் உள்ள வெளியேறும் வழிகள் எத்தனை வரிசை தள்ளி இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள்; புகையில் கண் தெரியாதபோது இருக்கைகளைத் தொட்டு எண்ணியே நகர முடியும். இருக்கையின் இடுப்பு வாருக்குள்ள (சீட் பெல்ட்) மூடியைத் தூக்கித்தான் கழற்ற வேண்டும். பதற்றத்தில் கை கார் பெல்ட்டின் பொத்தானைத் தேடும் என்பதால் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காலணி காலிலேயே இருக்கட்டும்.

படி 4: வெளியேறும்போது. பணியாளர் சொல்லும் வழியில் செல்லுங்கள். கதவிலிருந்து தரைவரை விரியும் காற்றடைத்த சறுக்கின் விளிம்பில் உட்காராமல் குதித்து அமருங்கள். குதிகால் உயர்ந்த காலணி சறுக்கைக் கிழிக்கக்கூடும் என்பதால் கழற்றிவிடுங்கள். உயிர்காப்பு உடையை விமானத்துக்குள் ஊத வேண்டாம்.

ஒரு பெட்டியால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: பாதி வழிகள் மட்டும் திறந்திருக்க, 90 விநாடிகளில் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் பெரிய பயணிகள் விமானத்துக்கு அனுமதி கிடைக்கும். 2006இல் ஹாம்பர்க்கில் ஏ380 விமானத்திலிருந்து 873 பேர் 78 விநாடிகளில் வெளியேறினர். அத்தகைய சோதனையில் யாரும் பெட்டியை இறக்குவதில்லை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் மோதலுக்குப் பின் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் 8 வழிகளில் 3 மட்டுமே பயன்பட்டன. அறிவிப்புக் கருவியும் செயலிழந்தது. பணியாளர்களின் குரலைக் கேட்டுப் பெட்டிகளை விட்டு இறங்கியதால் நெரிசல் குறைந்து, அதிலிருந்த 379 பேரும் வெளியேறினர்.

பிற்சேர்க்கை: வேட்டியோ சேலையோ உடுத்துபவர்கள் இடுப்புப் பையை எப்படிக் கட்டுவது என்று வாசகர்கள் கேட்டிருந்தனர். வேட்டிக்கு நம் ஊரில் கிடைக்கும் பை வைத்த அகலமான பெல்ட்டே போதும். கடவுச்சீட்டு அதில் அடங்குமா என்று மட்டும் வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். சேலை உடுத்துபவர்கள் பையைப் பாவாடை நாடாவுக்கு மேல் கட்டலாம். தீயில் உருகி உடலில் ஒட்டும் செயற்கை இழையைத் தவிர்த்துப் பருத்தியைத் தேர்ந்தெடுப்பதும், விமானம் இறங்கத் தொடங்கியதும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வதும் நல்லது.