ஸ்டூடியோ சம்பளத்திலிருந்து ஃப்ரீலான்ஸுக்கு: எடிட்டர்களும் டிசைனர்களும் மாறுவது எப்படி?

சென்னையிலோ கோவையிலோ ஒரு ஸ்டூடியோவில், விளம்பர ஏஜென்சியில் மாதச் சம்பளத்துக்கு எடிட்டராகவோ டிசைனராகவோ இருக்கிறீர்கள். தனியாக எடுத்துச் செய்தால் என்ன என்ற யோசனை வந்துவிட்டது. இந்தப் பதிவு உங்களுக்குத்தான். நல்ல கைத்திறன் உள்ளவர்கள்கூட ஃப்ரீலான்ஸில் தடுமாறுவது பெரும்பாலும் எழுத்து வேலையில்தான்: கேட்டு வாங்காத அட்வான்ஸ், எண்ணி வைக்காத கரெக்‌ஷன், தேதி போடாத இன்வாய்ஸ். அதனால் சாஃப்ட்வேர் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை.

படி 1: ராஜினாமாவுக்கு முன் ஆஃபர் லெட்டரைப் படியுங்கள்

நோட்டீஸ் எத்தனை நாள், வேலையில் இருக்கும்போது வெளிவேலை எடுக்கலாமா, விலகிய பிறகு ஏதாவது தடை உண்டா என்று பாருங்கள். வேலையில் இருக்கும் வரை வெளிவேலைத் தடை உங்களைக் கட்டும். சைடில் நாலு ரீல்ஸ் எடிட் செய்து தரலாம் என்று ஆரம்பிப்பதற்கு முன் அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

விலகிய பின் இரண்டு வருஷம் இதே துறையில் வேலை செய்யக் கூடாது என்று எழுதியிருந்தால் மிரள வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆவது பிரிவின்படி, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. ரகசியம் காக்கும் நிபந்தனை வேறு. வெளிவராத விளம்பரம், கிளையன்ட் விவரங்கள் இவையெல்லாம் விலகிய பிறகும் வெளியே போகக் கூடாது.

அடுத்தது போர்ட்ஃபோலியோ. ஊழியராக இருந்து செய்த வேலைக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி முதலாளிதான் உரிமையாளர். எனவே எந்தெந்த வேலைகளை ஷோரீலில் (உங்கள் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் சின்ன வீடியோவில்) போட்டுக்கொள்ளலாம் என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்குங்கள். "அதெல்லாம் போட்டுக்கோப்பா" என்று வாயால் சொன்ன மேனேஜர் அடுத்த வருஷம் அங்கே இருப்பாரா என்பது அவருக்கே தெரியாது.

படி 2: இன்சூரன்ஸை வேலையில் இருக்கும்போதே எடுங்கள்

கம்பெனி கொடுக்கும் குரூப் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். சொந்தமாகப் புது பாலிசி எடுத்தால், விபத்து தவிர மற்றவற்றுக்கு வழக்கமாக முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 3 ஆண்டு. அந்தக் கணக்கு சம்பளம் வரும்போதே ஓட ஆரம்பிப்பது நல்லது.

பிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள். 5 ஆண்டுத் தொடர் சேவை முடியும் முன் எடுத்தால் வரி விழும். எடுக்காமல் விட்டால் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். கையில் ஆறு மாத வீட்டுச் செலவு இல்லாமல் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று மாதம் போதும் என்பவர்கள் பெரிய கம்பெனிகளிடம் பேமென்ட்டுக்குக் காத்திருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

படி 3: ஒரு நாள் ரேட்டைக் கணக்கிடுங்கள்

மற்றவர் எவ்வளவு வாங்குகிறார் என்று விசாரிப்பதற்கு முன் உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். ஓர் உதாரணம். வீட்டுக்குத் தேவை மாதம் 30,000 ரூபாய். சாஃப்ட்வேர் சந்தா, இணையம், மின்சாரம், இன்சூரன்ஸ், மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய கம்ப்யூட்டருக்கான தொகை எல்லாம் சேர்த்து 10,000. சேமிப்பும் வரியும் 8,000. ஆக 48,000.

இதை 30ஆல் வகுக்காதீர்கள், 25ஆலும் வகுக்காதீர்கள். கிளையன்ட்டோடு பேசுவது, கொட்டேஷன் அனுப்புவது, பணத்துக்கு நினைவூட்டுவது, வேலையே வராத வாரம் இதெல்லாம் போக, காசு தரும் நாட்கள் ஆரம்பத்தில் மாதம் 12 கிடைத்தால் சந்தோஷம். 48,000ஐ 12ஆல் வகுத்தால் ஒரு நாள் ரேட் 4,000. பத்து நிமிட யூடியூப் வீடியோ கரெக்‌ஷனோடு இரண்டு நாள் எடுக்கிறதா? அதன் விலை 8,000. ஒருவர் 2,500 தருகிறேன் என்கிறார் என்றால், அந்த வேலை உங்களிடமிருந்து எவ்வளவு பிடுங்குகிறது என்பது இப்போது தெரியும். அதற்குப் பிறகும் ஏதோ காரணத்துக்காக எடுக்கலாம், தப்பில்லை. தெரிந்து எடுங்கள்.

படி 4: முதல் வேலையைத் தெரிந்தவர்களிடம் தேடுங்கள்

முதல் கிளையன்ட் பெரும்பாலும் பழைய ஸ்டூடியோவேதான். வேலை குவியும் நேரத்தில் அவர்களுக்கும் வெளியாள் வேண்டும். அதனால் சண்டை போடாமல், ப்ராஜெக்ட் ஃபைல்களை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

ஷோரீல் ஒரு நிமிடம் போதும். கல்யாண வீடியோ, கார்ப்பரேட் வீடியோ, குறும்படம் எல்லாவற்றையும் கலந்து கட்டாமல், எந்த வேலை வேண்டுமோ அந்த வேலையை மட்டும் காட்டுங்கள். டிசைனர் என்றால் ஆறேழு வேலை, ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன கேட்டார்கள், என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி.

சாம்பிள் கேட்டால்? ஏற்கெனவே செய்ததைக் காட்டுங்கள். புதிதாகச் செய்துதர வேண்டும் என்றால் சின்னத் தொகையாவது கேளுங்கள். வேலை தருகிறேன் என்று சொல்லி, ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டெபாசிட் என்று உங்களிடமே பணம் கேட்பவன் வேலை தரப்போவதில்லை. அப்படி ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

படி 5: ஒரு பக்க ஒப்பந்தம்

இதற்குப் பத்திரத்தாள் வேண்டாம். மெயிலில் எளிய தமிழில் எழுதி, எதிர்த்தரப்பு "ஓகே, கன்ஃபார்ம்" என்று பதில் போட்டாலே பெரும்பகுதி வேலைக்குப் போதும். எழுத வேண்டியவை இவை:

என்ன வேலை, எத்தனை நிமிடம் அல்லது எத்தனை டிசைன், எந்த ஃபார்மட்டில் டெலிவரி.

அட்வான்ஸ் 50 சதவீதம். மீதி, வாட்டர்மார்க் போட்ட பிரிவ்யூவை ஒப்புக்கொண்ட பிறகு, ஃபைனல் ஃபைல் கைக்குப் போவதற்கு முன்.

கரெக்‌ஷன் இரண்டு சுற்று. ஒரு சுற்று என்றால் எல்லாரும் பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பட்டியலாக அனுப்புவது. இதை எழுதாவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக வரும். முதலில் அவர், அப்புறம் அவர் பார்ட்னர், கடைசியில் அவர் மச்சான். மூன்றாவது சுற்றிலிருந்து நாள் ரேட்.

பாதியில் நிறுத்தினால் அட்வான்ஸ் திரும்பாது. அட்வான்ஸைவிட அதிக வேலை முடிந்திருந்தால் அதற்கும் பணம்.

ப்ராஜெக்ட் ஃபைல், ஓப்பன் ஃபைல் (பிறகும் திருத்தக்கூடிய மூல ஃபைல்கள்) விலையில் சேருமா சேராதா. இதில்தான் நிறையப் பேருக்குத் தகராறு வரும். முன்பே சொல்லிவிட்டால் அதற்குத் தனி விலை போடலாம்.

ஃபுட்டேஜை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள். 60 நாள் என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க அவர்கள் ஹார்ட் டிஸ்க் நீங்கள்தான்.

வெளியான பிறகு ஷோரீலில் போடும் அனுமதி.

அடுத்து உரிமை. ஃப்ரீலான்ஸர் வரைந்த லோகோவின் பதிப்புரிமை, எழுதிக் கொடுக்காத வரை பொதுவாக வரைந்தவருக்கே. காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தரும் புகைப்படமும் திரைப்படமும் இதற்கு விலக்கு. அங்கே வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். உரிமையை எழுதிக் கொடுப்பதற்கு மெயில் போதாது, கையெழுத்திட்ட தாள் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ளும். முழுப் பணமும் வந்த நாளிலிருந்துதான் உரிமை மாறும் என்று ஒரு வரி சேருங்கள். இந்தப் பக்கத்தில் உங்களுக்கு அதிகம் உதவும் வரி அதுதான்.

எழுத்துருவையும் கவனியுங்கள். உரிமம் இல்லாத தமிழ் ஃபான்ட்டில் லோகோ செய்து கொடுத்தால் சிக்கல் கிளையன்ட்டுக்கு, திட்டு உங்களுக்கு. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள கேட்டமரன், முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை திறந்த உரிமம் கொண்டவை, வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம்.

படி 6: உத்யம் பதிவு, இன்வாய்ஸ், டிடிஎஸ்

ஆதார், பான் இருந்தால் அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாக இலவசமாகப் பதியலாம். பணம் கேட்கும் தளம் அரசு தளம் இல்லை. முதல் வேலைக்கு முன்பே பதிந்துவிடுங்கள். பணம் தாமதமானால் இந்தப் பதிவு தரும் பாதுகாப்பை (படி 7இல் வருகிறது) பதிவுக்கு முன் செய்த வேலைக்குக் கேட்டால் வழக்காடும் நிலை வரலாம்.

இன்வாய்ஸில் எண், தேதி, பான், உத்யம் எண், வேலை விவரம், பணம் தர வேண்டிய கடைசி நாள் இருக்கட்டும். ஒரு கம்பெனி ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தால் வழக்கமாக 10 சதவீதம் டிடிஎஸ் (உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டும் வருமான வரி) பிடிக்கும். (2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000.) அது தொலைந்த பணம் இல்லை. உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். உள்ளூர் வேலை மட்டும் என்றால், தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிநாட்டுக் கிளையன்ட் வந்தால் ஓர் ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 7: பணம் வராவிட்டால்

கெடு முடிந்த மறுநாள் ஒரு மெயில், மரியாதையாக. ஒரு வாரம் கழித்துக் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு நேரடியாகப் போன். பல சமயம் "சார் பார்த்துச் சொல்றேன்னார்" என்பவரைத் தாண்டி அங்கே பேசினாலே வேலை நடந்துவிடும்.

அப்போதும் அசையவில்லை என்றால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தைச் சொல்லி எழுதுங்கள். எழுதிய ஒப்பந்தத்தில் என்ன கெடு இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, கெடுவே இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டு வட்டி. அதோடு, இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்டி வரி குறைத்துக்கொள்ளவும் அவர்களால் முடியாது, உண்மையில் கொடுக்கும் வருஷத்தில்தான் காட்ட முடியும். கணக்கு ஆண்டு முடியும் மார்ச் மாதத்தில் இந்த ஒரு வாக்கியத்துக்கு அவர்கள் ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார்.

கடைசி வழி, தாமதமான பேமென்ட்டுக்காக மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் (எம்எஸ்எம்இ) வைத்திருக்கும் தளத்தில் புகார். இன்வாய்ஸ், வேலையை ஒப்புக்கொண்ட மெயில், டெலிவரி அனுப்பிய மெயில் மூன்றையும் பிடிஎஃப்பாக வைத்துக்கொண்டு உட்காருங்கள்.