முதலில் சீட்டைக் கவிழ்க்கப் பழகுங்கள்

போக்கர் கற்றுக்கொள்ள என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு வேலை கொடுப்பேன். பத்து ஆட்டத்தில் ஏழெட்டு ஆட்டம் சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும், அதாவது அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிட வேண்டும். ஆடத்தானே வந்தோம் என்று முகம் வாடும். ஜோடி, ஸ்ட்ரெய்ட், ஃபிளஷ், ஃபுல் ஹவுஸ் என்று எது எதை வெல்லும் என்ற வரிசையை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். கவிழ்க்கும் பொறுமை வர எனக்கு மாதக்கணக்கில் ஆனது.

நான் சொல்வது டெக்சஸ் ஹோல்டம் ஆட்டத்தை: கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. ஆரம்பத்தில் தோற்ற ஆட்டங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். திரும்பத் திரும்ப வந்தது ஒரே கதை. என் கையில் ராஜாவும் ஏழும். மேசையில் ராஜா விழும். மகிழ்ந்து சிப்ஸை (பந்தயம் வைக்கும் வில்லைகளை) நடுவே தள்ளுவேன். எதிராளி ராஜாவும் ராணியும் காட்டுவார். இருவருக்கும் ராஜா ஜோடிதான், ஆனால் துணைச்சீட்டு அவருடையது பெரியது. மேசைச் சீட்டு விழும் முன்பே கணக்கிட்டாலும், இந்த இரண்டு கைகள் மோதினால் ஏறக்குறைய முக்கால்வாசி தடவை அவர்தான் ஜெயிப்பார். ஒரு பெரிய சீட்டு இருக்கிறதே என்று உள்ளே நுழைவதுதான் புதியவர்கள் அதிகம் இழக்கும் இடம்.

அடுத்து, உட்கார்ந்திருக்கும் இடம். சீட்டுப் போடுபவரின் இடத்தைக் காட்டும் வில்லையான டீலர் பட்டன் யாரிடம் இருக்கிறதோ, ஃபிளாப்புக்குப் பிறகு (மேசையில் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விழுந்த பிறகு) அவர் கடைசியாகப் பேசுவார், அதாவது முடிவைச் சொல்வார். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது எவ்வளவு பெரிய வசதி! ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசும் இடத்தில் இருந்தால் பெரிய ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி தவிர வேறெதையும் நான் தொடுவதில்லை. அதே நான், பட்டனில் இருந்து முன்னால் எல்லோரும் கவிழ்த்துவிட்டால், ஒரே இனத்தில் ஒன்பதும் பத்தும் வந்தாலும் ரெய்ஸ் செய்வேன், அதாவது பந்தயத்தை உயர்த்துவேன்.

இப்போது கணக்கு. இதை அவசரப்படாமல் படியுங்கள். கையில் இரண்டு ஹார்ட்ஸ், ஃபிளாப்பில் இரண்டு ஹார்ட்ஸ். இன்னொன்று வந்தால் ஃபிளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. மொத்தம் 13 ஹார்ட்ஸ், நான்கைப் பார்த்துவிட்டோம், மிச்சம் 9. நமக்குத் தெரியாத சீட்டுகள் 47. அடுத்த சீட்டிலேயே வர வாய்ப்பு சுமார் 19 சதவீதம். டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது) இரண்டையும் பார்த்தால் சுமார் 35. மேசையில் சுலபமாகக் கணக்கிட, உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை ஒரு சீட்டுக்கு இரண்டாலும், இரண்டு சீட்டுக்கு நான்காலும் பெருக்குங்கள்.

பாட், அதாவது மேசை நடுவே சேர்ந்த பந்தயத் தொகை, 100 சிப்ஸ் இருக்கிறது, எதிராளி 50 வைக்கிறார் என்றால், கால் செய்ய (அதே அளவு போட்டுத் தொடர) நீங்கள் 50 போட வேண்டும். மொத்தம் 200 ஆகும். உங்கள் பங்கு கால்வாசி, அதாவது 25 சதவீதம்; ஜெயிக்கும் வாய்ப்பும் குறைந்தது அவ்வளவு வேண்டும். அடுத்த சீட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் 19 போதாது. ஃபிளஷ் விழுந்த பிறகு அவர் இன்னும் சிப்ஸ் தருவார் என்று நம்பக் காரணம் இருந்தால் தொடரலாம். அவர் 100 வைத்தால் தேவை 33 சதவீதமாக ஏறிவிடும், பெரும்பாலும் கவிழ்த்துவிடுவேன். நான் நெடுநாள் இந்த 35 என்ற எண்ணையே பிடித்துக்கொண்டு, டர்னில் மறுபடியும் சிப்ஸ் கேட்பார்கள் என்பதை மறந்து தோற்றேன்.

பிளஃப் (நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் பந்தயம் வைப்பது) பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். பாட் தொகையில் பாதி அளவு வைத்து பிளஃப் செய்தால் மூன்றில் ஒரு தடவையாவது எதிராளி கவிழ்க்க வேண்டும். எதற்கும் கால் போடுகிறவரிடம் அது நடக்காது. அவருக்கு எதிராக, உங்களுக்கு நல்ல சீட்டு வரும்போது மட்டும் பெரிதாக வையுங்கள்.

ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வரும். அதுவும் ராஜா ஜோடியிடம் ஐந்தில் ஒரு தடவைக்குச் சற்றுக் குறைவாகத் தோற்கும். எனக்கு முதல் முறை அப்படி நடந்தபோது, அடுத்த அரை மணியில் வந்த சீட்டையெல்லாம் ஆடி மிச்ச சிப்ஸையும் விட்டேன். இப்போது அப்படி ஒரு தோல்வி வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். திரும்பி உட்கார்ந்ததும் முதல் சுற்று முழுக்கக் கவிழ்ப்பேன், யார் எப்போது பெரிதாக வைக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டு.